பெயரை மட்டும்தான் கேட்டார்கள்

போட்டோக்கொப்பி மெஷின் சூடேறும்போது ஒரு வாசம் வரும். கருகிய தூளும் வெதுவெதுப்பான தாளும் கலந்த வாசம். போன கிழமை வெள்ளவத்தையில் ஒரு கடையில் என் ஓய்வூதியப் பத்திரங்களைக் கொப்பி எடுக்கக் கொடுத்துவிட்டு நின்றபோது அது மூக்கில் ஏறியது. கடைக்காரப் பெண் என் அடையாள அட்டையைக் கண்ணாடியில் கவிழ்த்து வைத்தாள். பச்சை வெளிச்சம் அதன் கீழே ஊர்ந்து போனது.

"ரெண்டு கொப்பி எடுக்கவா அன்ரி?"

"ஒண்டு காணும். ஒண்டே ஒண்டு!"

நான் கத்தியது கொழும்புக் காலி வீதி முழுக்கக் கேட்டிருக்கும். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

உங்கள் வாடிக்கையாளர் சேவைப் பயிற்சி வகுப்பில் பேச என்னை அழைத்திருந்தீர்கள். வந்தேன், பேசினேன், நீங்களும் கை தட்டினீர்கள். வாடிக்கையாளரிடம் பொறுமையாக இருக்க வேண்டும், கோபக்காரரிடம் குரலைத் தாழ்த்த வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். அதெல்லாம் யாரும் சொல்லக்கூடியது. நான் மட்டும் சொல்லக்கூடியது ஒன்று இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஆகவே எழுதுகிறேன். என் ஐம்பதுகளில், தொலைபேசியில் தமிழ் பேசும் பெண்ணின் இடத்தில் தமிழ் பேசும் மெஷின் ஒன்று வந்து உட்கார்ந்ததும், என்னை மரியாதையாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எழுத நேரமிருக்கிறது.

யுத்தம் திரும்பவும் மூண்டிருந்த வருடங்கள் அவை. வெள்ளவத்தையில் ஒரு கொம்யூனிக்கேஷனில் நான் கவுண்டரில் இருந்தேன். வெளிநாட்டு அழைப்பு, ஃபக்ஸ், போட்டோக்கொப்பி, அதோடு ஒரு கைத்தொலைபேசிக் கம்பனியின் ஏஜென்சி. கடையைச் சுற்றி லொட்ஜுகள். லொட்ஜுகளில் வடக்கிலிருந்து வந்த சனம். விசாவுக்கு, பாஸ்போட்டுக்கு, ஸ்பொன்சருக்கு, சும்மா உயிரோடு இருப்பதற்கு என்று ஒவ்வொன்றுக்காகக் காத்திருந்தார்கள். காலையில் கடல் பக்கம் ரயில் போகும். அதன் பிறகு கடை திறக்கும். கடை திறந்ததும் யாராவது ஒரு தாய் வந்து நிற்பாள், ஒரு சிம் வேண்டும் என்று.

சிம் கொடுப்பதற்கு அடையாள அட்டையின் கொப்பி வேண்டும், கொழும்பு விலாசம் வேண்டும். கொழும்பு விலாசம் இல்லாதவர்களுக்குக் கூடுதல் கடிதங்கள் வேண்டும். அந்தக் கடிதம் எடுக்க அவர்கள் பொலிசுக்குப் போக வேண்டும். போக அவர்களுக்குப் பயம். எனக்கும் அந்தப் பயம் தெரியும். என் அட்டையிலும் யாழ்ப்பாண விலாசம்தான். வாடகை அறையின் பொலிஸ் பதிவுத் துண்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் நான் பால் வாங்கவே போவேன்.

இதற்கு எங்கள் வட்டாரக் கடைகளில் ஒரு வழக்கம் இருந்தது. அதற்கு 'நல்ல கொப்பி' என்று பெயர். கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பக்கத்து ஆட்கள், கொழும்பிலே பிறந்தவர்கள், கத்தோலிக்கப் பெயர்க்காரர்கள் என்று, பொலிஸ் சந்தேகிக்காத விலாசமுள்ளவர்கள் சிம் எடுக்க வந்தால் அவர்களின் அட்டையை இரண்டு கொப்பி எடுப்போம். ஒன்று அவர்களுடைய ஃபோமுக்கு. மற்றது ஒரு நீலக் கோப்புக்குள் போகும். கடிதமில்லாத தாய் ஒருத்தி வந்து கண் கலங்கினால், கோப்பைத் திறந்து ஒரு நல்ல கொப்பியை எடுத்து, அந்தப் பெயரில் ஃபோமை நிரப்பி, கையெழுத்தையும் நாங்களே போட்டு சிம்மைக் கொடுத்துவிடுவோம். ஒருவர் பெயரில் சில இணைப்புகள் வரை இருக்கலாம் என்று கம்பனியே அனுமதித்திருந்தது. இதை நாங்கள் உதவி என்று நினைத்தோம். சத்தியமாக அப்படித்தான் நினைத்தோம்.

கம்பனிக்குத் தெரியாதா? விற்பனை அதிகாரி ஒருவர் மாதம் ஒருமுறை வருவார். இளந்தாரி, எங்கள் பக்கத்து ஆள், வாசனை பூசிய கழுத்துப்பட்டி. எத்தனை இணைப்பு போனது என்று மட்டும் பார்ப்பார். ஒரே எழுத்தில் பத்து ஃபோம் கிடப்பதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்.

"அக்கா, உங்கட கையெழுத்து நல்ல வடிவு. எல்லாப் பெட்டியும் நிரம்பியிருந்தாக் காணும். எங்கட சிஸ்டம் பெட்டியைத்தான் பாக்கும், ஆளைப் பாக்காது."

அல்போன்ஸ் அப்படி வந்தவர்களில் ஒருவர். துறைமுகத்தில் வாஃப் கிளார்க். சாமான் இறக்குகிறவர்களுக்காகச் சுங்கப் பத்திரங்களோடு ஓடித் திரியும் வேலை. கொட்டாஞ்சேனை வீடு. தங்கையைப் பார்க்க வெள்ளவத்தைக்கு வந்த இடத்தில் எங்கள் கடையில் சிம் எடுத்தார். அட்டையை நீட்டும்போதே பகிடி.

"மிஸ், படத்துல நான் சந்திக் கள்ளன் மாதிரி இருக்கேன். உங்க மெஷின் கொஞ்சம் வெள்ளையா எடுத்துத் தருமா?"

"கூடக் காசு ஆகும்" என்றேன்.

"அப்ப கள்ளனாவே இருக்கட்டும், விடுங்க."

நான் இரண்டு கொப்பி எடுத்தேன். அவர் கவனிக்கவில்லை.

சில மாதம் கழித்து நவமணி அக்கா வந்தா. கிளிநொச்சிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்தவ. லொட்ஜில் இருந்துகொண்டு கனடா மகனின் விசாவுக்குக் காத்திருந்தா.

"பிள்ளை, லொட்ஜ் போன் எந்த நேரமும் ஆரோ கதைச்சுக்கொண்டு நிக்கினம். மகன் எடுத்து எடுத்துக் களைச்சுப் போறான். எனக்கெண்டு ஒண்டு தாவன்."

"அக்கா, கடிதம் இருக்கே?"

"கடிதம் எடுக்கப் போனால் என்னையெல்லோ எடுத்துப் போடுவாங்கள்."

நீலக் கோப்பைத் திறந்தேன். கையில் அகப்பட்டது அல்போன்ஸ். அவருடைய கையெழுத்தின் கடைசி எழுத்துக்கு ஒரு வால் உண்டு. மேலே வளைந்து போய்த் திரும்பிப் பார்க்கும் வால். அதையும் விடாமல் போட்டேன். போட்டுவிட்டுத் திருப்தியோடு பார்த்தேன்.

நவமணி அக்கா விசா கிடைத்துப் பறந்துவிட்டா. போகும்போது சிம்மை அடுத்த அறைக்காரருக்குக் கொடுத்தாவாம். அவர் இன்னொருவருக்கு. லொட்ஜில் வாளி, அடுப்பு கைமாறுவதுபோல அது கைமாறியது. கடைசியில் அது யாரிடம் இருந்தது, அவர் அதில் யாரோடு என்ன கதைத்தார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எங்கேயோ பிடிபட்ட ஒருவரின் தொலைபேசியில் அந்த நம்பர் இருந்திருக்கிறது. அவ்வளவுதான். நம்பர் யாருடையது என்று பொலிசார் கம்பனியிடம் கேட்டார்கள். கம்பனி ஒரு மணித்தியாலத்துக்குள் பதில் கொடுத்தது.

அல்போன்ஸை ஒரு சனிக்கிழமை காலை வீட்டில் வைத்துக் கொண்டுபோனார்கள். திங்கட்கிழமை அவருடைய மனைவி ஸ்டெல்லா கடைக்கு வந்தா. ஒரு சிகரெட் அட்டையின் உட்புறத்தில் நம்பரை எழுதி வைத்திருந்தா.

"மிஸ், இவருக்கு ஒரு போன்தான். அது உங்க கடைல எடுத்தது. இது யாரு நம்பர்? இவர் பேர்ல இருக்காம். நாங்க கண்டதே இல்ல."

மேசைக்குக் கீழே குனிந்து நிரப்பிய ஃபோம்களின் கட்டை எடுத்தேன். தேடவே தேவையிருக்கவில்லை. என் எழுத்து, என் மை, என் வால். ஸ்டெல்லா மேசைக்கு அந்தப் பக்கம் நின்றா. அவவுக்குத் தெரியாதபடி கட்டைச் சரித்துப் பிடித்துக்கொண்டேன்.

"ஹெட் ஒஃபிசில கேக்க வேணும்" என்றேன்.

"கேட்டுச் சொல்லுவீங்களா? நான் நாளைக்கு வரட்டா?"

"நான் சொல்லி அனுப்புறன். நீங்கள் அலையாதேங்கோ."

நீங்கள் அலையாதேங்கோ. எவ்வளவு கரிசனை பாருங்கள். அவ நன்றி சொல்லிவிட்டுப் போனா.

அன்று முதலாளி என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர், பயந்த மனிதர். "நீ வாயைத் திறந்தால் கடை பூட்டு. நீ உள்ளுக்கு. அந்தாள் கொழும்பாள், கிறிஸ்தவன், எப்பிடியும் விட்டுடுவாங்கள். பொறு" என்றார். நான் பொறுப்பதற்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தேன். அவர் கொடுத்தார்.

ஆனால் சும்மா இருக்கவில்லை என்று எனக்கு நானே காட்ட வேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை தலைமை அலுவலகத்துக்குப் போனேன். குளிர் அறை, கண்ணாடிச் சுவர்கள், சிரிக்கும் குடும்பங்களின் படங்கள். அதே விற்பனை அதிகாரி. என்னைக் கண்டதும் எழுந்து கதவைச் சாத்தினார்.

"அக்கா, அந்த விசயம்தானே? நான் பாத்தனான்."

"என்ன பாத்தனீங்கள்?"

"ரெண்டு நம்பரையும் ஸ்க்ரீனில போட்டுப் பாத்தனான். அந்தாளின்ரை உண்மையான போன் பகல் முழுக்கத் துறைமுக டவரில நிக்குது. மற்றது அதே நேரம் வெள்ளவத்தையில. ஒருநாள் ரெண்டுநாள் இல்லை, மாதக்கணக்கா. ஒரு ஆள் ரெண்டு இடத்தில நிக்கேலாதுதானே."

எனக்கு உயிர் வந்தது. "அப்ப அதை அவங்களிட்டைச் சொல்லுங்கோவன்!"

"அவங்கள் அதைக் கேக்கேல்லையே அக்கா. கேட்டது பேரை. நாங்கள் குடுத்தது பேரை."

"கேக்காட்டி சொல்லக் கூடாதா?"

"அது வாடிக்கையாளரின்ரை அந்தரங்கம். நாங்களா எடுத்து வெளியில குடுக்கேலாது."

அவர் பகிடி விடவில்லை. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அந்த மனிதரின் அந்தரங்கத்தைக் காப்பதற்காக அந்த மனிதரை உள்ளே இருக்க விட்டிருந்தார்கள். அவருடைய ஒவ்வொரு நாளும், எந்த மணிக்கு எந்தத் தெருவில் நின்றார் என்பது வரை, அந்தக் குளிர் கட்டடத்துக்குள் எங்கேயோ இருந்தது. அவருக்கு எதிராக ஒரு மணித்தியாலத்தில் வெளியே வந்தது. அவருக்காக வருவதற்குக் கால் இருக்கவில்லை.

பிள்ளைகளே, தொழில்நுட்பம் என்றால் எனக்கு இன்றைக்கும் அந்த அறைதான். இப்போது உங்கள் கைகளில் இருக்கும் ஒவ்வொரு செயலியும் அந்த அறையின் ஒரு சின்னக் கதவு. படத்தைத் திருத்தித் தரும் செயலி உங்கள் தொடர்புப் பட்டியலைக் கேட்கிறது. டோர்ச் லைட் நீங்கள் நிற்கும் இடத்தைக் கேட்கிறது. 'சம்மதிக்கிறேன்' என்ற பெட்டியை அழுத்தாவிட்டால் வெளிச்சம் இல்லை என்கிறது. வகுப்பில் உங்களில் ஒருவர் எழுந்து, "நான் ஒரு பிழையும் செய்யேல்லையே மிஸ், ஆர் என்னத்தைப் பாத்தால் எனக்கென்ன?" என்று கேட்டார். அன்றைக்கு நான் சிரித்து மழுப்பினேன். அல்போன்ஸும் ஒரு பிழையும் செய்யவில்லை. பிழை செய்தவள் நான். ஆனால் ஏட்டில் இருந்தது அவருடைய பெயர்.

விற்பனை அதிகாரி, "எழுதிக் குடுங்கோ, ஒரு கிழமையில பதில் வரும்" என்றார். எழுதினேன். அந்தக் கடிதத்தின் பிரதி என்னிடம் இருக்கிறது. 'மேற்படி இணைப்பின் பதிவில் தவறு நிகழ்ந்திருக்கலாம் எனத் தெரிகிறது.' நிகழ்ந்திருக்கலாமாம். மழை பெய்திருக்கலாம் என்பதுபோல. நான்தான் செய்தேன் என்று ஒரு வரி எழுதியிருந்தால், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஒரு வழக்கறிஞர் ஓடியிருப்பார். நான் கம்பனி பேசும் தமிழில் எழுதினேன். அந்தத் தமிழில் யாரும் எதுவும் செய்வதில்லை.

ஒரு கிழமை காத்திருந்தேன். கடைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் கொப்பி எடுத்தேன், ஒன்று மட்டும். நீலக் கோப்பை வீட்டுக்குக் கொண்டுபோய் வாளிக்குள் போட்டு எரித்தேன். முகங்கள் முதலில் சுருங்கி, பிறகு பளபளத்து, பிறகு இல்லாமல் போயின. வீட்டுக்காரச் சிங்கள அம்மா மேலிருந்து எட்டிப் பார்த்து, "மொனவத துவே புச்சன்னே?" என்றா. என்ன எரிக்கிறாய் மகளே என்று. பழைய பில்லுகள் என்றேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. அழகான கடிதத்தலைப்பு. விபரங்கள் உரிய அதிகாரிகளின் கோரிக்கையின் பேரில் மட்டும் வழங்கப்படும். தங்கள் அக்கறைக்கு நன்றி.

அதற்குப் பிறகும் புதன் முழுக்கப் படுத்துக்கிடந்தேன். காய்ச்சல் என்று சொன்னேன். உண்மையில் உடம்பு சுட்டது. பொலிஸ் நிலைய வாங்கில் நான் இருப்பதை, என் பெயரைப் பிழையாக உச்சரித்துக் கூப்பிடுவதை, ஊரில் அம்மாவுக்கு யார் சொல்வார்கள் என்பதை, எல்லாவற்றையும் படம் படமாகப் பார்த்தேன். வியாழக்கிழமை பம்பலப்பிட்டியில் ஒரு வழக்கறிஞரைத் தேடிப் போனேன். வெள்ளிக்கிழமை வாக்குமூலம் கொடுத்தேன். வீட்டுக்கார அம்மாதான் கூட வந்தா. நல்ல சேலை கட்டி, குடையைப் பிடித்துக்கொண்டு. "பய வென்ன எப்பா" என்று பஸ்ஸில் என் முழங்காலைத் தட்டிக்கொண்டே வந்தா. பயப்படாதே என்பது அவ்வளவு இலேசான சொல்லாக இருந்தது அவவின் வாயில்.

விசாரித்த அதிகாரி நம்பவில்லை. யாரையோ காப்பாற்ற வந்த சொந்தக்காரி என்று நினைத்தார். ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். "அப்ப போட்டுக் காட்டு."

போட்டேன். கடைசி எழுத்து, வளைந்த வால், திரும்பிப் பார்க்கும் நுனி. அவர் ஃபோமைப் பக்கத்தில் வைத்தார். பார்த்தார். மற்ற அதிகாரியைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நிறைய நேரம் கத்தினார்கள். லொட்ஜைப் பற்றிக் கேட்டார்கள். நவமணி அக்கா நாட்டில் இல்லை என்பதால் அந்தப் பெயரைச் சொன்னேன், அதற்கு அப்பால் எனக்கே தெரியாது. பொழுது சாயும்போது வழக்கறிஞரும் வீட்டுக்கார அம்மாவும் கையொப்பம் வைத்து என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பிறகும் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டார்கள். ஏஜென்சி போனது. முதலாளி என்னோடு கதைப்பதை விட்டார். கம்பனி தன் அறிக்கையில் 'முகவரின் ஊழியர் ஒருவரின் ஒழுங்கீனம்' என்று எழுதியது. அதில் பொய் இல்லை.

நான் இவ்வளவு நாளும் பயந்து பயந்து தள்ளிப் போட்டது ஒரு பகல். ஒரே ஒரு பகல். எல்லோருக்கும் அந்தக் காலத்தில் அப்படி அமையவில்லை, எனக்குத் தெரியும். போகாமல் இருப்பதற்கு என் பயம் போதுமான காரணம்தான். ஆனால் கம்பனி சாட்சி சொல்லும் என்று காத்திருந்தேனே, அது காரணமில்லை. மெஷினுக்கு உண்மை தெரியும், ஆகவே நான் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். உங்களிடம் கேட்பது இதுதான். திரையில் ஒரு மனிதர் குற்றமற்றவர் என்று தெரிந்தால், யார் கேட்டார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். உங்கள் வாயால், உங்கள் பெயரைப் போட்டுச் சொல்லுங்கள். வேலை போகும். எனக்கும் போனது. வருடங்கள் கழித்து வேறு வேலை கிடைத்தது.

அல்போன்ஸை அதற்குப் பிறகு சில கிழமையில் விட்டார்கள். நான் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கோயிலுக்குப் பின்னால் ஒடுக்கமான சந்து, கதவு நேரே தெருவில் திறக்கும் வீடு. அவர் சாரத்தோடு கதிரையில் இருந்தார். மெலிந்திருந்தார். நான் வலப் பக்கமாக நின்று, பாடமாக்கிக்கொண்டு போன மன்னிப்பைச் சொல்லத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"இந்தப் பக்கம் வாங்க மிஸ். அந்தக் காதுல லைன் இல்ல."

இடப் பக்கம் போய் முதலிலிருந்து சொன்னேன். முழுதும் கேட்டார். துறைமுகப் பாஸைத் திரும்பத் தரவில்லை என்றார், ஏதோ பஸ் பிந்திவிட்டது என்பதுபோல. "என்ட கையெழுத்த என்ன விட நல்லாப் போடுறீங்களாமே? வழக்கறிஞர் ஐயா சொன்னார். நம்மட செக் எல்லாம் இனி நீங்களே போடுங்க. செக்தான் இல்ல." அவர் சிரித்தார். நான் அழுதேன். ஸ்டெல்லா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தா.

போகும்போது பஸ் நிற்கும் இடம் வரை ஸ்டெல்லா கூட வந்தா. வெயில் இறங்கியிருந்தது. துறைமுகத்தில் கப்பல் ஒன்று ஊதியது. அவ தெருவைப் பார்த்தபடியே கேட்டா.

"நான் உங்க கடைக்கு வந்தது திங்கட்கிழமை, இல்லையா மிஸ்?"

"ஓம்."

"அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

பொய் சொல்ல இன்னொரு தடவை இடமிருந்தது. "தெரியும்" என்றேன்.

அவ தலையாட்டினா. கோட்டைக்குப் போகும் பஸ் வளைவில் திரும்பி வந்து நின்றது. நான் கம்பியைப் பிடித்தேன். என் கைப்பையின் வார் தோளிலிருந்து வழுக்கியிருந்தது. ஸ்டெல்லா அதை எடுத்துச் சரியாக மாட்டிவிட்டுச் சொன்னா.

"முதல் கிழமை இவர ஒருத்தரும் தொடல்லயாம் மிஸ். நேரத்துக்குச் சோறும் குடுத்தாங்களாம். ரெண்டாவது கிழமைதான். ஏறுங்க, பஸ் எடுக்கப் போறான்."